ஒருபுறம், மறுபுறம், ஆபேல்

தாம்பரத்தைத் தாண்டி சேலையூருக்குள் நுழைந்ததும் ஒரு டைல்ஸ் கடை வரும். முன்பு அது சைக்கிள் கடையாக இருந்தது. அந்தக் கடையின் மேல்மாடியில்தான் உலகம் இருக்கிறது. நம்பாதவர்கள் படியேறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். படியெல்லாம் டைல்ஸ் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள், முட்டியில் இடித்துக்கொள்ளாமல் ஏற வேண்டும். மேலே 'தென்திசை வெளியுறவு ஆய்வு மையம்' என்று ஒரு பித்தளைப் பலகை. உள்ளே நீள மேஜை, மேஜை மேல் சின்னச் சின்னதாய் எல்லா நாட்டுக் கொடிகளும், அதைச் சுற்றிக் கண்டத்துக்கு ஒரு முனைவர். அரசாங்கப் பணத்தில் நடக்கிறது. எதற்காக நடக்கிறது என்று கேட்டால் அது வெளியுறவு ரகசியம்.

மையத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. யார் எந்தப் பகுதியை ஆராய்கிறாரோ அதுதான் அவர் பெயர். காலையில் நிர்வாக அதிகாரி ஸ்ரீவித்யா வருகை எடுக்கும் அழகை நீங்கள் கேட்க வேண்டும்.

"மேற்கு ஆசியா?"

"லீவு மேடம். வயித்துப்போக்கு."

"லத்தீன் அமெரிக்கா?"

"பல்லாவரம் பிரிட்ஜ்ல மாட்டிக்கிட்டாராம். இதோ வந்துடுவார்."

"ஐரோப்பா எங்கே?"

"கீழ லாரிக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு இருக்காங்க மேடம்."

"தீவுகள்?"

"வந்துட்டேன் மேடம்" என்று கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும். அவர்தான் ஆபேல். நம் கதைக்கு உரியவர்.

ஆபேலுக்கு ஐம்பத்தாறு வயது. வீடு பொழிச்சலூர். மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானங்கள் அவர் வீட்டு மொட்டைமாடியில் காயும் வேட்டியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் மேலே போகும். விமானம் தலையைக் கடக்கும்வரை பேச்சை நிறுத்துவதும், கடந்ததும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வதும் அந்த ஊரில் குழந்தைகளுக்குக்கூடப் பழக்கம். இத்தனை விமானம் பார்த்த மனிதர் ஒன்றில்கூட ஏறி வெளிநாடு போனதில்லை. வெளியுறவு ஆராய்ச்சி செய்யும் மாப்பிள்ளை என்றால் வருஷம் ஒரு தடவையாவது வெளிநாடு போய் வருவார் என்று பெண் கொடுத்த வீட்டில் நம்பினார்கள். பாவம்.

ஆபேலின் ஆராய்ச்சியெல்லாம் ஒரே ஒரு தீவு நாட்டைப் பற்றியது. எந்தத் தீவு என்று நான் சொல்வதற்கில்லை. சொன்னால் நட்பு நாடு ஒன்றைப் பற்றிக் கருத்துத் தெரிவித்ததாகிவிடும், அதற்கு மையத்தின் விதியில் இடமில்லை. எனக்கு எதற்கு வம்பு? 'அந்தத் தீவு' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அந்தத் தீவுக்கும் நம் கரைக்கும் நடுவில் கடலுக்குள் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாது. இரு தரப்புப் படகுகளும் அதில் மோதி உடைவதும் ஆட்கள் சாவதும் வாடிக்கை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாடும் உட்கார்ந்து, அங்கே சேர்ந்து ஒரு கலங்கரை விளக்கம் கட்டலாம் என்று பேசின. நாள் கணக்காகப் பேசி, யார் கல் கொடுப்பது, யார் எண்ணெய் கொடுப்பது என்பதுவரை முடிவாகிவிட்டது. கடைசி நாள் கையெழுத்து. நம் தரப்புத் தலைவர் பேனா மூடியைத் திறந்தார். பிறகு மூடினார். எழுந்தார். வெளியே போய்விட்டார். ஏன் போனார் என்று அவரும் சொல்லவில்லை, அவரோடு போனவர்களும் சொல்லவில்லை. எல்லாரும் இப்போது செத்தும் போய்விட்டார்கள். விளக்கு இன்றுவரை இல்லை. படகுகள் இன்றும் உடைகின்றன.

ஆபேல் முனைவர் பட்டம் வாங்கியது அதைப் பற்றி. எழுதிய கட்டுரைகள் அதைப் பற்றி. பத்தொன்பது வருஷமாக எழுதிவரும் புத்தகமும் அதைப் பற்றித்தான். எல்லா அத்தியாயமும் முடிந்துவிட்டது, 'ஏன் எழுந்து போனார்?' என்கிற கடைசி அத்தியாயத்தைத் தவிர. அவர் மனைவி ரத்தினபாய் பம்மல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "கேள்வி மட்டும் எழுதிட்டு விடைய விட்டுட்டா எங்க ஸ்கூல்ல மார்க்கே கிடையாது" என்பார். சிரிப்புக்காகச் சொல்வதுதான். ஆனால் ஆபேலுக்கு அது சுருக்கென்று தைக்கும்.

மையத்தின் எழுத்துமுறையையும் சொல்லிவிட வேண்டும். இங்கே எந்த அறிக்கை எழுதினாலும் முதல் பத்தி 'ஒருபுறம்' என்று தொடங்கும். இரண்டாம் பத்தி 'மறுபுறம்' என்று தொடங்கும். மூன்றாம் பத்தி ஒரே வாக்கியம்: 'ஆகவே நிலைமையைப் பொறுத்திருந்து கவனிப்பதே நலம்.' புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் இதைத்தான் பழக்குகிறார்கள்.

இயக்குநர் பத்ரி ஓய்வு பெற்ற தூதர். அவர் தூதராக இருந்த நாடுகளில், அவர் இருந்தவரை எதுவுமே நடக்கவில்லை. அதைத் தன் சாதனையாகவே சொல்வார். போன வருஷம் மையத்தின் பொன்விழாவில் அவர் பேசிய பேச்சு சேலையூரில் இன்னும் நினைவிருக்கிறது.

"ஐம்பது வருஷத்துல நம்ம மையம் ஒரு தடவகூடத் தப்பாச் சொன்னதில்ல. ஏன்? ஒண்ணும் சொன்னதில்ல! அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா? நம்மளோட முதல் அறிக்கையப் படிச்சுட்டு டெல்லி உடனே அதன்படி நடந்துச்சு. எதப் பத்தின அறிக்கைன்னு மட்டும் கேக்காதீங்க. ரகசியம். எனக்கே தெரியாது."

பலத்த கைதட்டல்.

இந்த எழுத்துமுறை காகிதத்தோடு நின்றால் பரவாயில்லை. ஒரு நாள் கூட்டம் நடக்கும்போது ஏசி பெட்டியிலிருந்து புகை வந்தது. ஒருபுறம் இது தீயாக இருக்கலாம் என்றார் லத்தீன் அமெரிக்கா. மறுபுறம் இது வெறும் தூசியாகவும் இருக்கலாம் என்றார் ஐரோப்பா. மேற்கு ஆசியா இருமினார், ஆனால் கருத்துச் சொல்லவில்லை. டீ கொண்டுவந்த கேன்டீன் அஞ்சம்மாள்தான் தட்டைத் தொப்பென்று கொடிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"இன்னா சார் நீங்க, பொக வந்துகினு கீது, அல்லாரும் குந்திகினு கீறீங்களே! வெந்து சாவீங்களா?"

அன்றைய கூட்டக் குறிப்பில் 'நிலைமை தானாகவே சீரடைந்தது' என்று பதிவானது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஆபேலின் போனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. அனுப்பியவர் சவரிராயர். அந்தத் தீவில் இருப்பவர். தாத்தா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து போய்க் குடியேறிய குடும்பம். கலங்கரை விளக்கப் பேச்சுவார்த்தையில் தீவுத் தரப்பில் சுருக்கெழுத்து எழுதிய இளைஞர். இப்போது கிழவர். அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். ஆபேல் அவரைப் பல வருஷமாகத் தேடி, ஒருவழியாகப் பேத்தி மூலம் பிடித்து, கேள்வியை அனுப்பியிருந்தார்.

"தம்பி, உங்க ஆளு ஏன் எழுந்து போனார்னு எனக்குத் தெரியும். வாசல்வரைக்கும் அவர்கூடப் போனது நான்தான். ஆனா இத மெஷின்ல பேசி அனுப்ப மாட்டேன். நேர்ல வா, முகத்தப் பார்த்துச் சொல்றேன். சீக்கிரம் வா. டாக்டர் ஒண்ணும் சொல்லல, ஆனா என் பேத்தி இப்பல்லாம் கேட்டதெல்லாம் சமைச்சுத் தர்றா. எனக்குப் புரியாதா?"

ஆபேல் அதை மொட்டைமாடியில் நின்று கேட்டார். நடுவில் ஒரு விமானம் போனது. மறுபடி முதலிலிருந்து கேட்டார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். மையத்தில்கூட அஞ்சம்மாள் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா தீவு சார், மூஞ்சி பளபளன்னு கீது? பொண்ணு பாத்துட்டாங்களா?"

"ஊருக்குப் போறேன் அஞ்சம்மா. ஃபாரின்."

"அட்ரா சக்க! அப்ப இன்னிக்கு டீ ஓசி."

மையத்தில் வேலை பார்ப்பவர் வெளிநாடு போக வேண்டுமென்றால் டெல்லி அனுமதி வேண்டும். ஆபேல் விண்ணப்பித்தார். பத்ரி கையெழுத்திட்டு அனுப்பினார். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் பத்ரி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, திரையையும் இழுத்துவிடச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே டைல்ஸ் கடைக்காரரின் பனியன்தான் காய்ந்துகொண்டிருந்தது. இருந்தாலும் ஆபேல் இழுத்துவிட்டார்.

"ஆபேல், டெல்லி ரொம்ப சென்சிட்டிவா ஒண்ணு கேட்டிருக்கு. யாரோ ஒரு இந்திய ஆய்வாளர் அந்தத் தீவுக்குப் போகணுங்கறாராம். இப்ப இருக்கற சூழ்நிலையில அது உசிதமான்னு நம்ம நாட்டுல தீவு தெரிஞ்ச நிபுணரோட கருத்து வேணுமாம்."

"சார், அந்த ஆய்வாளர் நான்தான்."

"உஷ்! பேர் போடல பாருங்க. யாருன்னு தெரிஞ்சா கருத்துல பாரபட்சம் வந்துடும்."

"நீங்கதானே சார் போன மாசம் கையெழுத்துப் போட்டீங்க?"

"அது இயக்குநரா. இப்ப நான் உங்ககிட்ட ஆலோசகரா பேசறேன். ரெண்டும் வேற."

"என்னைப் பத்தி நானே எழுதறது நல்லாவா இருக்கும்? வேற யாராவது எழுதட்டுமே."

"வேற யாருக்குத் தீவு தெரியும்? ஐரோப்பாகிட்ட கொடுத்தா கிரீஸ்னு நெனச்சு எழுதிடுவா. இந்தியாவுலயே நீங்க ஒருத்தர்தான். அது உங்களுக்குப் பெருமை இல்லையா?"

பெருமைதான். ஆபேல் தன் இடத்துக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளில் 'போகலாம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பத்ரியிடம் நீட்டினார். பத்ரி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மறுபுறம் எங்கே?"

"மறுபுறம் எதுவும் இல்லை சார். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் போறதுல ஒரு கெடுதலும் இல்ல."

"ஆபேல், முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் ஒரே வார்த்தையில பதில் சொன்னதில்ல. என் கல்யாணத்துல, பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. அதுக்கே 'கொள்கை அளவில்'னுதான் சொன்னேன். ஒரே பக்கம் பேசினா அதுக்குப் பேர் கருத்து இல்ல, ஆசை. மறுபுறம் இல்லாம இத டெல்லிக்கு அனுப்பினா நம்ம மையத்தப் பத்தி என்ன நெனப்பாங்க? சும்மா ஒரு வழக்கத்துக்குத்தானே கேக்கறேன். நாலு வரி எழுதுங்க."

மறுபுறம் இல்லாமல் அறிக்கை மாடியைவிட்டு இறங்காது என்று தெளிவாகிவிட்டது. சரி, நாலு வரிதானே என்று மனைவியிடமும் சொல்லிவிட்டு ஆபேல் அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

இங்கேதான் விபத்து நடந்தது. மனுஷன் தொழிலில் கெட்டிக்காரர், என்ன செய்வது? ஒருபுறம் என்று தொடங்கி இரண்டு வரியில் முடித்துவிட்டார். மறுபுறம் என்று எழுதியதும் பேனா சூடு பிடித்துக்கொண்டது. தீவில் தேர்தல் நெருங்குகிறது. மீனவர் விவகாரம் கொதித்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் அரை நூற்றாண்டுக்கு முன் முறிந்த பேச்சுவார்த்தையைக் கிளறப்போகும் இந்த ஆய்வாளர் யார்? வெளிநாட்டு அனுபவம் அறவே இல்லாதவர். ஒரே விஷயத்தைப் பத்தொன்பது வருஷமாகப் பிடித்துத் தொங்குபவர், ஆகவே நிதானமுள்ளவர் என்று உறுதி சொல்ல முடியாது. சந்திக்கப்போவதோ ஞாபகம் தடுமாறக்கூடிய ஒரு முதியவரை. அந்த முதியவர் ஏதாவது சொல்லி, அது பத்திரிகையில் வந்து, நாளை இரு நாட்டுத் தூதர்களும் விளக்கம் சொல்லும்படி ஆனால்? ஒவ்வொரு வாதமும் அடுத்ததற்குத் தோள் கொடுத்தது. எங்கேயும் ஒரு சொல் மிகையில்லை. ஆபேல் இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. கடைசி வாக்கியத்தை அவர் எழுதவே இல்லை, கை தானாக எழுதிவிட்டது.

ரத்தினபாய் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு, அதே சிவப்புப் பேனாவோடு இதையும் எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"யாருங்க இந்த ஆளு?"

"ஏன்?"

"இவன அனுப்பவே கூடாதுங்க. போனா ஏதாவது ஏழரையக் கூட்டிட்டுத்தான் வருவான்."

ஆபேல் பதில் சொல்ல வாயைத் திறந்தார். விமானம் வந்தது. போகும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அது நான்தான், ரத்தினா."

"அய்யோ, கர்த்தரே! முதல்ல அதக் கிழிச்சுப் போடுங்க. நாலு வரின்னுதானே அந்த மனுஷர் கேட்டார், நாலு பக்கம் எழுதி வெச்சிருக்கீங்க!"

"நல்லா வந்திருக்கு, ரத்தினா" என்றார் ஆபேல். அவர் குரலில் அப்போது இருந்தது பெருமைதான். "டெல்லியில ஒருபுறத்தையும் படிப்பாங்க இல்ல?"

ரத்தினபாய் எழுந்து போய்த் தோசைக்கல்லை அடுப்பில் போட்டார். அந்தச் சத்தமே பதிலாக இருந்தது.

டெல்லி ஒருபுறத்தைப் படித்ததா என்று தெரியாது. மறுபுறத்தைப் படித்தது. மையத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு சமநிலையான அறிக்கை வந்ததில்லை என்றும், அதன்படி ஆய்வாளரின் பயணத்தைப் பொறுத்திருந்து கவனிக்கப்போவதாகவும் பதில் வந்தது. பத்ரிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே பாராட்டுக் கூட்டம் வைத்துவிட்டார். ஜரிகைப் பொன்னாடை, ரோஜா மாலை, கண்ணாடிக்குள் வைத்த ஒரு பூமி உருண்டை, எல்லாம் வந்தன.

"ஒரு மனுஷன் தன்னையே எதிர்த்து இவ்வளவு நியாயமா எழுத முடியும்னா, அதுதாங்க ராஜதந்திரம்!" என்று பத்ரி மைக்கில் முழங்கினார். "தன் ஆசை வேற, நாட்டு நலன் வேற. நம்ம தீவுகள் அதக் காட்டிட்டார். அவர் போக முடியாமப் போனதுல அவரவிட எனக்குத்தான் வருத்தம். அந்த வருத்தத்தப் போக்கத்தான் அவருக்குப் பதிலா நானே போயிட்டு வரலாம்னு இருக்கேன். ஓய்வு பெற்றவங்களுக்கு டெல்லி அனுமதி தேவையில்ல பாருங்க."

கைதட்டினார்கள். ஆபேலும் தட்டினார். பொன்னாடை கழுத்தில் குத்தியது. அன்று அவரைப் பார்த்தவர்கள், தம் கருமாதிக்குத் தாமே பந்தி விசாரித்துக்கொண்டு நிற்பவர் மாதிரி இருந்தார் என்கிறார்கள்.

பத்ரி போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார். வந்த அன்று காலையில் ஆபேல் டைல்ஸ் பெட்டிகளில் இரண்டு தடவை இடித்துக்கொண்டு படியேறி ஓடினார்.

"சவரிராயரப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேனே. அருமையான மனுஷர். ரெண்டு மணி நேரம் பேசினோம்."

"என்ன சொன்னார் சார்? ஏன் எழுந்து போனாராம்?"

"பேசினது நான். அவர் நல்லாக் கேட்டுக்கிட்டார். முடியறப்போ, 'உங்க தலைவர் அன்னைக்கு ஏன் போனார்னா' அப்படின்னு ஆரம்பிச்சார். நான் சட்டுனு கையப் பிடிச்சு நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா?"

"பின்ன? எவ்வளவு சென்சிட்டிவ்! அவர் பாட்டுக்குச் சொல்லிட்டா அப்புறம் எனக்குத் தெரிஞ்சுடுமே. தெரிஞ்சுட்டா மையத்துக்கு ஒரு நிலைப்பாடு வந்துடும். 'இப்ப வேண்டாம், பொறுத்திருந்து பார்ப்போம்'னு சொல்லிட்டு வந்துட்டேன். இந்தாங்க, உங்களுக்கு முந்திரி வாங்கிட்டு வந்தேன்."

ஆபேல் முந்திரியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மத்தியானம் சவரிராயரின் குரல்பதிவு வந்தது. குரல் இளைத்திருந்தது.

"தம்பி, உங்க ஆபீசர் வந்தார். நான் வாயத் தொறந்தா, இப்ப வேண்டாங்கறார். எனக்கு இப்ப இல்லாட்டி எப்பய்யா?"

ஆபேல் அதை இரண்டாம் தடவை கேட்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்திலிருந்து ரத்தினபாய் வரும்வரை செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஓய்வு பெற்றவங்களுக்கு அனுமதி வேண்டாமாம், ரத்தினா. நானும் ஓய்வு வாங்கிக்கலாம்னு பார்க்கறேன்."

"நாலு வருஷ சர்வீஸ் இருக்கே?"

"இருக்கு. சவரிராயருக்குத்தான் நாலு வருஷம் இல்ல."

ரத்தினபாய் குடையை மடக்கி மூலையில் வைத்தார். "போயிட்டு வாங்க. என் சம்பளம் வருது. இல்லேன்னா சாகுறவரைக்கும் இந்தப் பேனா மூடிக் கதையத்தான் நான் கேட்டுக்கிட்டு இருக்கணும். ஒரு வார்த்தையில எழுதிக் கொடுங்க, தெரியுதா? உங்க பாண்டித்தியத்தையெல்லாம் காட்டாதீங்க."

விருப்ப ஓய்வு விண்ணப்பம் போனது. கேளுங்கள் கூத்தை: தீவுகள் பிரிவில் இருக்கும் ஒரே ஆய்வாளர் ஓய்வு பெறுவதால் நாட்டின் தீவுக் கொள்கைக்குப் பாதிப்பு வருமா என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தீவு தெரிந்த நிபுணரின் கருத்துத் தேவைப்பட்டது. ஸ்ரீவித்யா கேள்வியைக் கொண்டுவந்து ஆபேலின் மேஜையில் வைத்தார்.

"சாரி சார். வேற யாருக்கும் தீவு தெரியாது."

ஆபேல் அதைப் படித்தார். பேனாவை எடுத்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. எழுதிக்கொண்டுபோய்ப் பத்ரியிடம் கொடுத்தார். பத்ரி உரக்கப் படித்தார்.

"'ஒருபுறம், போகலாம். மறுபுறம், போகலாம். ஆகவே அவர் போவதை மையம் பொறுத்திருந்து கவனிப்பதே நலம்.'"

பத்ரியின் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாருங்க, ஒருபுறம் இருக்கு, மறுபுறம் இருக்கு, முடிவும் இருக்கு. இப்பத்தான் பேலன்ஸ் வந்திருக்கு. இதயே முதல் தடவயே எழுதியிருந்தா நீங்க எப்பவோ போயிருக்கலாமே ஆபேல்!"

வழியனுப்பு விழாவில் இன்னொரு பொன்னாடை போட்டார்கள். அஞ்சம்மாள் மட்டும் மேடைக்கு வராமல் படிக்கட்டில் நின்று, "போய் வா தீவு சார். திரும்பி வரச்சொல்ல எனக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கியாந்துடு" என்றார். அன்று ஆபேலுக்கு நிஜமாகவே கண் கலங்கியது அந்த ஒரு பேச்சுக்குத்தான்.

விமானம் மேலேறும்போது ஆபேல் ஜன்னலில் மூக்கை ஒட்டிவைத்துப் பொழிச்சலூரில் தன் மொட்டைமாடியைத் தேடினார். எல்லா மாடியிலும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. எது தன் வீடு என்று கண்டுபிடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

சவரிராயர் உயிரோடு இருந்தார். கடலைப் பார்த்த ஒரு சின்ன வீட்டில், சாய்வு நாற்காலியில், போர்வைக்குள் எலும்பும் தோலுமாக இருந்தார். பேத்தி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். ஆபேல் அதில் உட்கார்ந்து கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டார். கேள்வியைக் கேட்கத் தேவை இருக்கவில்லை, கிழவரே தொடங்கினார்.

"பேனா மூடியத் தொறந்தாச்சு தம்பி. மை ஒத்துற காகிதத்தக்கூட நான் எடுத்து வெச்சிட்டேன். அந்த நேரம் பார்த்து உங்க டெல்லியிலேர்ந்து ஒரு தந்தி. படிச்சார். பேனாவ மூடினார். எழுந்துட்டார். நான் பின்னாலயே ஓடினேன். வாசல்ல நின்னு ஒரு சிரிப்புச் சிரிச்சார் பாரு, அந்தச் சிரிப்ப நான் மறக்கவே இல்ல. 'சவரி, கையெழுத்துப் போடலாமான்னு டெல்லி ஒரு நிபுணர்கிட்ட கருத்துக் கேட்டிருக்கு. தாம்பரம் பக்கத்துல புதுசா ஒரு ஆபீஸ் தொறந்திருக்காங்க, சைக்கிள் கடை மாடியில. ஒருபுறம் விளக்கு வேணுமாம். மறுபுறம் வேண்டாமாம். ஆகவே பொறுத்திருந்து கவனிக்கணுமாம்' அப்படின்னார். அவ்வளவுதான் தம்பி. வேற ஒரு காரணமும் இல்ல."

ஜன்னலுக்கு வெளியே கடல் இருட்டத் தொடங்கியிருந்தது. பாறைத் திட்டு அந்தப் பக்கம்தான் என்று பேத்தி கையைக் காட்டினாள். போன மாசம்கூட ஒரு படகு அதில் மோதி உடைந்தது என்றாள். ஆபேல் அந்தத் திசையைப் பார்த்தார். அங்கே ஒன்றுமே தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாகத் தேடிய அந்த வாக்கியத்தை எத்தனை தடவை தன் கையாலேயே எழுதியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை, அழுதார்.

கிழவர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பவர் போல மெல்ல நிமிர்ந்தார்.

"நீயும் அந்த ஊர்ப் பக்கம்தானே? அந்த ஆபீஸ் இன்னும் இருக்கா தம்பி?"

"இருக்குங்க ஐயா" என்றார் ஆபேல். "இப்ப கீழ டைல்ஸ் கடை."